ரைட்டர் சார் எரித்த சிடி

பன்னிரண்டாயிரம். பதினொரு ஆண்டுகளில் அவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் எரித்த சிடிகளின் எண்ணிக்கை. அவரே சொன்னது. கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறார் என்று தள்ளினாலும் பத்தாயிரத்துக்குக் குறையாது. அவற்றில் பாதியில் நின்றவை, கீறல் விழுந்தவை, வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தவை என்று எல்லாவற்றைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். ஒன்றைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அது மகளுக்காக எரித்தது.

பகலில் அவர் ஒரு பம்பு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தார். கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்து நிற்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே அவருக்குப் பெயர் கிடையாது. "ஸ்டோர்ஸ்! எட்டு எம்.எம். இருக்கா?" என்று கத்துவார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் அப்படித்தான் கத்துவான். எடுத்துக் கொடுத்தால் நன்றி இல்லை, இல்லையென்றால் திட்டு உண்டு. மேனேஜர் ஒருமுறை விருந்தாளிகளுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டியபோது கம்பிவலையைக் காட்டி, "இது ஸ்டோர்ஸ்" என்றார். அறையைச் சொன்னாரா ஆளைச் சொன்னாரா என்று இவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். தெருவுக்கு அவர் ரைட்டர் சார். சிடியில் எழுதும் டிரைவைக் கம்ப்யூட்டர் கடைகளில் ரைட்டர் என்பார்கள். தெருவில் முதன்முதலாக அதை வாங்கிப் பொருத்தியவர் என்பதால் கிடைத்த பட்டம். புதிதாகக் குடிவந்த ஒருவர் இவரைப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்துக்கொண்டு, தொலைந்துபோன சைக்கிளுக்குப் புகார் எழுதித் தரச் சொல்லி வந்து நின்றார். இவரும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். சைக்கிள் கிடைக்கவில்லை. அந்த ஆள் நிரந்தர வாடிக்கையாளர் ஆனார்.

முன்னறைதான் பட்டறை. ஒரு சுவரோரம் கட்டில், எதிர்ச்சுவரில் கம்ப்யூட்டர் மேசை, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவு இடம். மானிட்டருக்கு ஒரு துணி உறை, கீபோர்டுக்கு ஒன்று. இரண்டும் பழைய ஜன்னல் திரையில் மனைவி தைத்தவை. சூடு வெளியேற வேண்டும் என்று பெட்டியின் பக்கத் தகட்டை எப்போதும் கழற்றியே வைத்திருப்பார். கட்டிலில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் ஒயர்களெல்லாம் தெரியும். காலி சிடிகள் நடுக்குச்சியில் கோத்த டப்பாக்களில் கட்டிலுக்கடியில் அடுக்கி இருக்கும். கெட்டுப்போன சிடிகளுக்கு வீடெங்கும் வேலை உண்டு. தண்ணீர்ப் பானைக்கு மூடி, ஆடுகிற பீரோவின் காலுக்கு முட்டு, பால்கனிக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டால் புறாக்களுக்கு மிரட்டல்.

சட்டதிட்டங்களும் உண்டு. சிடி எரிகிறபோது யாரும் தொம் தொம் என்று நடக்கக் கூடாது. மிக்ஸி போடக் கூடாது. ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தக் கூடாது. கரண்ட் ஒரு துள்ளு துள்ளினால் சிடி செத்துவிடும் என்பது அவர் வாதம். ஆரம்ப கால டிரைவுகளில் அது ஓரளவு உண்மை. பிறகு டிரைவுகள் மாறின, சட்டங்கள் மாறவில்லை.

"ஏங்க, முடிஞ்சுதா? மிக்ஸி போடலாமா?" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"இன்னும் ரெண்டு இருக்கு."

"ரெண்டு ரெண்டுன்னு சொல்லியே எட்டரை ஆயிடுச்சு. சிடி ஒரு பக்கம் எரியட்டும், என் வயிறு ஒரு பக்கம் எரியட்டும். எது முதல்ல வேகுதுன்னு பாப்போம்."

அவர் எரித்தவற்றில் பெரும்பகுதி திருட்டுக் காப்பி. தெருவில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. "சார், ஒரு காப்பி" என்பதோடு சரி. பாட்டு, படம், விளையாட்டு, மென்பொருள் என எதையும் அவர் மறுத்ததில்லை. காசுக்காகத்தான் இத்தனையும் என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். காலி சிடியின் விலைக்கு மேல் அவர் வாங்கியது கொஞ்சம்தான். கட்டிலின் விளிம்பில் மூன்று பேர் கைகட்டிக் காத்திருப்பார்கள். சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டு வங்கி அதிகாரி. வங்கி அதிகாரியே "சார்" என்பார். அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் பகல் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார்.

வித்தை தெரிந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை. யாராவது வெளியே வாங்கிய சிடியைக் கொண்டுவந்தால் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பளபளக்கும் பக்கத்தைச் சாய்த்துப் பார்ப்பார். எழுதப்பட்ட பகுதி நடு ஓட்டையிலிருந்து ஆரம்பித்து, சற்றே கறுத்த வளையமாகத் தெரியும். "இதுல பாதிதான் இருக்கு. உங்க தலையில மிளகா அரைச்சுட்டான்" என்பார். போட்டுப் பார்த்தால் பாதிதான் இருக்கும்.

மகள் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார முடிந்தது பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் வரைதான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் படம் வரைந்தாள். காகிதத்தில் அல்ல, நேராகத் திரையில். மவுஸால் கோடு இழுப்பது சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது மாதிரி. அவள் அதைப் பழகினாள். மவுஸின் அடியில் இருக்கும் உருண்டையைக் கழற்றி, அழுக்கைச் சுரண்டி, திரும்ப மாட்டி வரைவாள். மணிக்கட்டு வலித்தால் அம்மாவின் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வாள்.

பதினைந்து வயதில் ஆரம்பித்துப் பதினேழில் முடித்தது ஒரே கதை. ஒரு பெண் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகிறாள். துணியெல்லாம் போட்ட பிறகும் கொடியில் இடம் மிச்சம் இருக்கிறது. காலடியில் கிடக்கும் தன் நிழலை எடுத்து உதறி அதையும் காயப்போடுகிறாள். சாயங்காலம் எடுக்க வந்தால் நிழல் சுருங்கிவிட்டிருக்கிறது, அவளுக்குப் பொருந்தவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அடுத்தடுத்து ஓடவிட்டால் இரண்டரை நிமிடம்.

அம்மாதான் முதல் ரசிகை. காய் நறுக்கிக்கொண்டே நின்று பார்த்தவள் சொன்னாள்: "நிழலுக்குக் கிளிப்பு போட மறந்துட்டியே, காத்துல போயிடாது?"

மகள் கிளிப்பு வரைந்தாள். பதினாறு படங்களில் திருத்த வேண்டியிருந்தது.

அப்பா பார்த்தாரா? பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா ஃபைல் சைஸ் ஜாஸ்தி" என்றார்.

வேறு ஊரில் ஓர் ஓவியக் கல்லூரி. அதில் அனிமேஷன் பிரிவுக்கு இருபது இடம். எழுத்துத் தேர்வில் மகள் தேறினாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அவரவர் படைப்பைச் சிடியில் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்துத்தான் இடம் என்று போட்டிருந்தது. தெருவுக்கே சிடி எரிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல நிபந்தனை இருக்க முடியாது என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். ரைட்டர் சாரும் சிரித்தார்.

இங்கே அவருடைய வேலைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் மனைவி மானிட்டரைத் துடைக்கும்போது கீபோர்டில் கை பட்டு, ஒரு வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ அழிந்துபோனது. அன்றிலிருந்து அவர் ஒரு முறை வைத்தார். அசல் எதுவும் திரையின் முகப்பில் இருக்கக் கூடாது. எல்லா அசலும் கம்ப்யூட்டருக்குள் டி டிரைவ் என்ற பகுதியில், அவருக்கு மட்டும் தெரிந்த ஃபோல்டர்களில் போய்விடும். முகப்பில் வெறும் ஷார்ட்கட் இருக்கும். அதாவது அங்கே தெரிவது படமல்ல, படம் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் ஒரு குறி. தட்டினால் படம் திறக்கும். தவறி அழித்தாலும் குறிதான் போகும், அசல் பத்திரமாக இருக்கும். குறியின் மூலையில் கடுகளவு ஓர் அம்பு இருக்கும். பழகிய கண்ணுக்கு அது தெரியாது.

மகளின் படங்களையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்படித்தான் உள்ளே தள்ளிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் குறி வைத்தார். மகளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தட்டினாள், திறந்தது, வரைந்தாள்.

நேர்காணலுக்கு முந்தைய சனிக்கிழமை, தெருவே எதிர்பார்த்த ஒரு புதுப்படம் எங்கிருந்தோ அவர் கைக்கு வந்துவிட்டது. மதியத்திலிருந்தே வாசலில் செருப்புக் கூட்டம்.

"சார், படம் வந்துடுச்சாமே? நம்மளை மறந்துடாதீங்க" என்று சலூன்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவர் முகத்தில் சோப்புப் பூசி உட்கார வைத்திருக்கிறாராம்.

"வரிசையா வாங்கப்பா. ஆளுக்கு ஒண்ணுதான். டிரைவ் சூடாகுது."

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து மகள் நின்றாள்.

"அப்பா, என்னோடது."

"போடறேன் போடறேன்."

"செவ்வாக்கிழமை இன்டர்வியூ."

"செவ்வாய் எங்க இருக்கு, சனி எங்க இருக்கு? நடுவுல ஒரு கிரகமே இருக்கு." கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் இன்னும் கொஞ்சம் உற்சாகமானார். "சரி, பெரிய ஆர்ட்டிஸ்ட் காத்திருக்காங்க. இவங்களுக்கு முதல்ல."

காலி சிடியைத் தட்டில் வைத்தார். முகப்பில் மகளின் ஃபோல்டர் இருந்தது. அதை அப்படியே இழுத்து, எரிக்கும் மென்பொருளில் போட்டார். வாடிக்கையாளர் வேலையென்றால் டி டிரைவுக்குள் போய் எடுத்திருப்பார். அன்றைக்கு எதிரில் இருந்ததை எடுத்தார். நாலைந்து நிமிடம் பிடித்திருக்க வேண்டிய வேலை, சலூன்காரர் ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. தட்டு வெளியே வந்தது.

"அதுக்குள்ளவா?" என்றாள் மகள்.

"புது ரைட்டர்மா! போன மாசம் மாத்தினேன்ல. பறக்குது."

கட்டிலில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். சிடியை அவர் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை. அடுத்தவன் எரித்த சிடியைத்தான் அப்படிப் பார்ப்பது வழக்கம். திரும்ப உள்ளே தள்ளி முதல் படத்தைத் தட்டினார், திறந்தது. கடைசிப் படத்தைத் தட்டினார், அதுவும் திறந்தது. திறக்காமல் என்ன செய்யும்? சிடியில் இருந்த குறி, அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்த அசலைக் காட்டியது.

"வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமாப்பா? பிரெண்டு வீட்டுல இருக்கு."

"நான் எரிச்சதை இன்னொருத்தன் வீட்டுல போய் செக் பண்ணணுமா? கேட்டீங்களா சார், எம்பொண்ணு எனக்கே பாஸ் மார்க் போடறா."

மாடிவீட்டு வங்கி அதிகாரி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான் சார்" என்றார்.

இரண்டாவது காப்பி ஒன்று வீட்டுக்கென்று எரித்தார். மார்க்கர் பேனாவால் இரண்டின் மேலும் மகளின் பெயரை அச்சடித்தது போல எழுதினார். அவர் கையெழுத்து அழகு. மகள் ஒன்றை உறையில் போட்டு, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

அந்தப் புதுப்படத்தின் இரண்டாம் பாகத்தை ஏற்ற டி டிரைவில் இடம் போதவில்லை. எதை எடுப்பது என்று தேடினார். மகளின் ஃபோல்டர் முந்நூறு எம்.பி.க்கு மேல். அதான் சிடியில் ஏற்றியாச்சே, அதுவும் இரண்டு காப்பி. அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். சினிமா உட்கார்ந்தது. இரவுச் சாப்பாட்டுக்குள் முப்பது காப்பி போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் வருடாந்திரச் சரக்குக் கணக்கெடுப்பு. அவரால் போக முடியவில்லை. அம்மாவும் மகளும் காலை பஸ்ஸில் மூன்று மணி நேரம் பயணம் செய்து போனார்கள்.

நேர்காணல் அறையில் ஒரு பேராசிரியர், பக்கத்தில் இரண்டு பேர், சுவரில் வெள்ளைத் திரை. கம்ப்யூட்டரை இயக்க ஓர் உதவியாளர். பேராசிரியர் முதலில் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். நிழல் சுருங்கிவிட்டது என்று முடித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "போடுங்க, பார்ப்போம்" என்றார்.

உதவியாளர் சிடியைப் போட்டார். திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்தன. முதலாவதைத் தட்டினார். ஒரு சின்னக் கட்டம் வந்து, தேடுகிறேன் என்றது. டார்ச் லைட் படம் ஒன்று இப்படியும் அப்படியும் ஆடியது. கிடைக்கவில்லை என்றது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. கடைசியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதவியாளர் நாற்காலியைத் திருப்பினார்.

"இதுல படம் எதுவும் இல்லம்மா. எல்லாம் ஷார்ட்கட். படம் உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதுக்கு வழி மட்டும் இங்க கொண்டு வந்திருக்கீங்க. யார் காப்பி பண்ணது?"

அவள் கையில் இருந்த காலி உறையை நோட்டுக்குள் வைத்தாள். வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் லிஸ்டை மூட மாட்டேன். சரியா காப்பி பண்ணிக் கொண்டு வா. உன் கதையைப் பார்க்கணும்னு எனக்கே இருக்கு" என்றார்.

கல்லூரி வாசலில் ஒரு டெலிபோன் பூத். ஸ்டோர்ஸுக்குப் போட்டாள். யாரோ எடுத்து, "ஸ்டோர்ஸ்! வீட்டுலேர்ந்து!" என்று கத்தினார்கள். அவர் வந்தார்.

"அப்பா, சிடில படமே இல்லயாம். வெறும் ஷார்ட்கட்டாம்."

"அவங்க மெஷின் டப்பாவா இருக்கும். வேற மெஷின்ல போடச் சொல்லு."

"மெஷின் பாக்கறவர் எனக்கு விளக்கிச் சொன்னாருப்பா. ஒவ்வொரு ஃபைலும் ஒரு கே.பி.தான். நாளைக்கு டயம் குடுத்திருக்காங்க. அசல் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

பின்னால் யாரோ போல்ட் எண்ணுகிற சத்தம் கேட்டது.

"அப்பா? இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. எங்க போயிடும்? வீட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்."

அவர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார். அழிந்ததை மீட்கும் மென்பொருள் அவரிடம் உண்டு. எத்தனையோ பேருக்கு அதையும் எரித்துக் கொடுத்திருக்கிறார். ஓடவிட்டார். பெயர்கள் எல்லாம் வந்தன. திறந்தால் படங்கள் வரவில்லை. அந்த இடத்தில் புதுப்படம் உட்கார்ந்திருந்தது. அது போதாதென்று ஞாயிறும் திங்களும் அவர் ஏற்றி இறக்கிய மற்றவையும். ஒன்பது படங்களில் மட்டும் மேல்பகுதி கொஞ்சம் பிழைத்திருந்தது. வானமும் கொடிக்கயிறும். கீழே சாம்பல் நிறம். அவர் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு அழித்துவிட்டு, மானிட்டருக்கு உறையைப் போட்டு மூடினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மாவும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் கைகால்கூடக் கழுவவில்லை. உறையை எடுத்துவிட்டு, மெஷினைப் போட்டு, டி டிரைவைத் திறந்தாள். ஃபோல்டர் ஃபோல்டராகப் போனாள். கடைசியில் அந்தச் சினிமாவின் பெயரில் வந்து நின்றாள். வீட்டுக் காப்பி சிடியை அலமாரியிலிருந்து எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். நடு ஓட்டையை ஒட்டி நூலளவுக்கு ஒரு கறுப்பு வளையம். மீதியெல்லாம் கண்ணாடி மாதிரி காலி.

"அழிச்சுட்டீங்களாப்பா?"

"சிடில ஏத்தியாச்சுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா? அந்த முப்பது பேருக்கும் இப்படித்தான் நெனச்சுக் குடுத்தீங்களா?"

"நீ ஏன் ஷார்ட்கட்டை வச்சு வேலை செஞ்ச? அசல் எங்க இருக்குன்னு பாக்க வேணாமா? ரெண்டு வருஷமா உக்காந்து வரையற, மூலையில அம்பு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் வச்சேனா? நான் வச்சேனாப்பா அதை?"

"சிடி கேட்ட. எரிச்சுக் குடுத்தேன். அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?"

அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். ஜாடியில் ஒன்றும் இல்லை. வெறுமனே ஓடியது. அவர், "நிறுத்து" என்றார். அவள் நிறுத்தவில்லை. மோட்டார் வாடை வருகிறவரை ஓடவிட்டாள்.

மறுநாள் மகள் பூத்துக்குப் போய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டு, படங்கள் இல்லை என்று சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "உனக்கு வயசு இருக்கும்மா. வயசு வரம்பு இன்னும் ஒரு வருஷத்துக்குத்தான். திரும்ப வரைஞ்சு எடுத்துட்டு வா. எழுத்துத் தேர்வு வேண்டாம், நேரா என்கிட்ட வா" என்றார். அந்த வருடத்துக்கு ஒரு கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

தெருவில் வேறு கதை ஓடியது. அதை ஓடவிட்டவர் அவர்தான். "எல்லாம் சிபாரிசு சார். நம்ம பொண்ணு படம் அப்படி ஒரு படம். சிடி ஓடலைன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க" என்றார் மருந்துக்கடைக்காரரிடம். மருந்துக்கடைக்காரர் நாக்கைத் தட்டி, "உங்க சிடி ஓடலைன்னா சொன்னாங்க? உங்க சிடியா?" என்று பதறினார். அந்தப் பதற்றம் அவருக்கு இதமாக இருந்தது. அதே கதையை இன்னும் நாலு பேரிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அதில் ஒரு அமைச்சரின் மருமகனும் வந்து சேர்ந்தான்.

மகள் அவரிடம் கேட்டது ஒன்றுதான். கம்ப்யூட்டர், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, ஒரு வருடத்துக்கு. வணிகவியல் கல்லூரி முடிந்து அவள் வீடு திரும்பவே அஞ்சரை ஆகிவிடும். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அழுதார் என்றுகூட மனைவி சொல்கிறாள். வாசலில் ஓர் அட்டை தொங்கியது: ஒன்பது மணிக்கு மேல் வரவும்.

மகள் மறுபடி மொட்டைமாடியிலிருந்து ஆரம்பித்தாள். கிளிப்பை இம்முறை மறக்கவில்லை. இரண்டு வாரத்தில் முதல் இருபது படங்கள் வந்துவிட்டன. முன்பைவிட நன்றாகவே வந்தன என்பது அம்மாவின் தீர்ப்பு.

மூன்றாவது வாரம் சலூன்காரர் வந்து நின்றார். அட்டையைப் படித்துவிட்டு, அட்டையைப் பார்த்தே பேசினார். "சார், கோவிச்சுக்காதீங்க. ஒன்பது மணிக்கு நான் கடை எடுத்து வைக்கற நேரம். பையனுக்குப் பிறந்தநாள். ஒரே ஒரு காப்பி. சார் நினைச்சா முடியாததா?"

அவர் உள்ளே வந்து, மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கொஞ்சம் எந்திரிம்மா. ஒரே ஒரு சிடி. அஞ்சு நிமிஷம்."

எழுந்தாள். கட்டிலில் சலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சலூன்காரர், "படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று விசாரித்தார். நல்லாப் போகுது என்றாள்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர். அதற்கு மறுநாள் இரண்டு பேர். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. பகல் முழுக்க இல்லை என்று சொல்லித் திட்டு வாங்குகிற மனிதர் அவர். அட்டை காற்றில் திரும்பிக்கொண்டது. யாரும் அதைத் திருப்பி விடவில்லை.

"அவ ஒரு வருஷம் கேட்டா. நீங்க மூணு வாரம் குடுத்தீங்க" என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்தானடி?"

"ஆமா. அவ உக்காந்தாத்தான் அஞ்சு நிமிஷம். நீங்க உக்காந்தா தெருவே உக்காருது."

அந்த மாதக் கடைசியில் ஓர் ஆட்டோவில் இன்னொரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பழசு, ஏதோ ஆபீஸ் தள்ளிவிட்டது. மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அன்று அவள் முகம் மலர்ந்ததைத் தான் பார்த்ததாக அம்மா சொல்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி மலரவில்லையாம்.

"எனக்காப்பா?"

"உன்னாலதான்மா வாங்கினேன்." அவர் பெருமையோடு நிமிர்ந்தார். "இனிமே எரிக்கிற ஒவ்வொரு சிடியையும் இதுல போட்டு செக் பண்ணிட்டுத்தான் வெளிய விடுவேன். உனக்கு ஆன மாதிரி இனி யாருக்கும் ஆகக் கூடாது பாரு."

"இதுல நான் வரையலாமா?"

"இது வரையறதுக்கெல்லாம் தாங்காதும்மா. மெமரி கம்மி. தொங்கிடும். செக்கிங்குக்கு மட்டும்தான். தொட்டுடாத, செட்டிங் பண்ணி வச்சிருக்கேன்."

மேசையில் இடம் போதாமல் அது கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தது. சந்து இன்னும் ஒடுங்கியது. தெருவில் அவருக்கு மரியாதை கூடியது. "ரெண்டு மெஷின்ல போட்டுப் பாத்துட்டுத்தான் கையில குடுப்பார். அப்படி ஒரு சுத்தம்" என்று அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

மகள் இன்னும் சில நாட்கள் வரைந்தாள். ஒரு மாலை, அந்தப் பெண் நிழலை எடுத்து உதறுகிற படத்தில் இருந்தபோது நாற்காலிக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டாள். அவர் படத்தை மூடப் போனபோது, சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் பார்க்கவில்லை. அவர், வேண்டாம் என்பதைத் தட்டிவிட்டு வாடிக்கையாளரின் சிடியைத் தட்டில் வைத்தார். அஞ்சு நிமிடம் கழித்து, "முடிஞ்சுதும்மா, வா" என்று கூப்பிட்டார். அவள் அடுக்களையில் அம்மாவுடன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, காலியாத்தான் இருக்கு."

"நீங்க எரிங்கப்பா" என்றாள்.

மறுநாளும் அவள் உட்காரவில்லை. ஒரு வாரம் அவர் ஆறு மணி ஆனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கூப்பிடவில்லை. அட்டையைக் கழற்றிவிட்டார்.

அடுத்த வருட நேர்காணல் ஒரு வியாழக்கிழமை நடந்தது. அன்று காலை பத்து மணிக்கு மகள் கணக்குப் பதிவியல் இரண்டாம் தாள் எழுதினாள். எண்பத்தொரு மதிப்பெண்.